தையக்காரருக்குப் பின்னாடி

அங்க நிக்காதம்மா, அது நான் நிக்கிற இடம். நீ பின் வரிசைக்குப் போ. பனமரம் மாதிரி ஒருத்தர் நிக்கிறாரு பாரு, தையக்காரரு, அவருக்குப் பின்னாடி. பீடம் தெரியலையா? தெரிஞ்சு என்ன பண்ணப் போற. ஆர்கன் சத்தம் கேட்டாப் போதும்.

அழுது அழுது முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. பெத்தவ போயிட்டா பின்ன எப்படி இருக்கும். இந்தா, அங்கியப் போட்டுக்கோ. உங்கம்மாவோடதுதான். கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், ஊக்கு குத்திக்கலாம். அசையாத. குத்திடுச்சா? ம், ரத்தமெல்லாம் வரல.

கேளு. அடக்கப் பூசைக்கு நாலு பாட்டு. கடைசிப் பாட்டு உங்கம்மாவுக்குப் பிடிச்சது. அதுல ஒரு சரணம் நீ தனியாப் பாடணும்னு ஃபாதர்கிட்டக் கேட்டியாமே. துக்க வீட்டுக்காரங்க கேட்டா அவரு முடியாதுன்னா சொல்லுவாரு? கீழ அவரு ராஜ்ஜியம். இந்தப் படியேறி மேல கொயர் மாடிக்கு வந்துட்டா, பாடறவங்களுக்கு நான் சொல்றதுதான். சரி, ஒரு வரி பாடு, பாப்போம்.

போதும். போதும்னு சொல்றேன்ல.

ஐயே, தப்புன்னு சொல்லலம்மா. சுருதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா குரல் தனியாத் தெரியுது. இத்தன பேரு பாடற இடத்துல ஒருத்தி குரல் மட்டும் எடுப்பா நின்னா, சோத்துல கல்லு மாட்டின மாதிரிதான். அதனால நீ வாய மட்டும் அசை. கீழ உக்காந்திருக்கிறவங்களுக்கு என்ன தெரியும், பொண்ணு அம்மாவுக்காகப் பாடறான்னு கண்ணத் தொடச்சிக்குவாங்க. அந்தச் சரணத்த நான் பாத்துக்கறேன்.

அம்மாவுக்கு வாக்கு குடுத்துட்டியா? ஆஸ்பத்திரியிலயா? சரி, குடுத்துட்ட. எந்திரிச்சு வந்து கேக்கவா போறாங்க?

மொறைக்காதம்மா. மொறைச்சா எனக்குத் தலவலிதான் வரும். என்னது, இது உங்கம்மா இத்தன வருஷம் பாடின கொயரா? பாடினாங்களா? யாரு சொன்னா, அவங்களே சொன்னாங்களா?

அடப் பாவமே. வீட்ல சொல்லவே இல்லையா?

வந்த மொத ஞாயித்துக்கிழம ஒரே ஒரு தடவ பாடினாங்க. கீழ இருந்த சனம் அத்தனையும் திரும்பி மேல பாத்துச்சு. எல்லாரும் இங்கயே பாத்துட்டு இருந்தா பூசை யாரு பாக்கறது? அன்னிக்கே சொல்லிட்டேன், அக்கா, நீங்க வாய மட்டும் அசைங்கன்னு. அதுலேருந்து இந்தத் தையக்காரர் முதுகுக்குப் பின்னாடிதான். நல்ல மனுஷி. ஏன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. ஞாயித்துக்கிழம தவறாம வருவாங்க, அழகா வாயத் தொறந்து தொறந்து மூடுவாங்க. எங்க அங்கியெல்லாம் அவங்கதான் வாங்கிட்டுப் போயி தொவைச்சு இஸ்திரி போட்டுக் கொண்டாருவாங்க. இனிமே அதுக்கு வேற ஆளப் பாக்கணும்.

வீட்ல பாடுவாங்களா? பாடட்டுமே. அடுப்படியில பாடறத யாரு வேணாம்னா.

சரி சரி, பெட்டியத் தூக்கிட்டாங்க, உள்ள கொண்டு வர்றாங்க பாரு. புஸ்தகத்தத் தொற. அழறதுன்னா இப்பவே அழுது முடிச்சிக்கோம்மா. ஆர்கன் ஆரம்பிச்சப்புறம் அந்த இடத்துலேருந்து எனக்கு ஒரு சத்தம் வரக் கூடாது.