மனப்பூர்வமாகச் சம்மதித்து

அந்த வரிய இன்னொரு தடவ படிங்க தம்பி. அதில்ல, அதுக்கு மேல. ஆங், மனப்பூர்வமாகச் சம்மதித்துன்னு அடிச்சிருக்கீங்களே, என்ற மனசுக்குள்ள நீங்க எப்பப் போயிட்டு வந்தீங்க?

எல்லாப் பத்திரத்துலயும் அப்படித்தான் வருமா? காடு விக்கிறவனுக்கும் அதே வார்த்தை, புள்ளையத் தத்துக் குடுக்கறவளுக்கும் அதே வார்த்தைன்னா எப்படிங்க? செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கே தெரியற மாதிரி பத்திரம் எழுதறவர்னு போர்டு வெச்சா மட்டும் பத்தாது, அடிக்கறத யோசிச்சு அடிக்கணும். சேலத்துல சிஸ்டருங்க ஸ்கூல்ல, ஹாஸ்டல்ல இருந்து படிச்சவ நானு. லீவ் லெட்டர்ல ஒரு சொல்லு தப்புன்னாலே முழுசும் திருப்பி எழுத வெப்பாங்க. மரவள்ளிக் காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தும் அந்தப் பழக்கம் போவல.

சரி, பேரப் பாருங்க. கொடுக்கறவங்க முருகானந்தம், பானுமதி, பெரக்கரை நாடு. ஆமாங்க, பானுமதி நாந்தான். எடுத்துக்கறவங்க செல்லமுத்து, அம்சவேணி, குண்டனி நாடு, இதே மலைதான். அம்சவேணி எங்கூட்டுக்காரரோட கூடப் பொறந்தவ, எனக்கு நாத்தனா. கொழந்த பேரு யமுனா. எங்க ரெண்டாவது பொண்ணு. எட்டாவது படிக்கறா.

இருங்க இருங்க. அதென்ன, குழந்தையை முன்னரே கொடுத்துவிட்டபடியாலும்னு? யாரு கொடுத்தது? நான் கொடுக்கல. அவரு கொடுத்தாரு. எனக்கு அப்ப மஞ்சக்காமாலை. நகமெல்லாம் மஞ்சளாகி நாமக்கல் ஆஸ்பத்திரியில கெடக்கேன். மூணு வயசுப் புள்ளையப் பாத்துக்க ஆளில்லன்னு அம்சவேணி தூக்கிட்டுப் போனா. ஒத்தாசைதான், இல்லேங்கல. நான் தேறி ஊடு வந்து சேர்றதுக்குள்ள கோயில் முன்னால ஊர்க்கவுண்டர வெச்சு, வெத்தல பாக்கோட புள்ள கையையும் புடிச்சுக் குடுத்து, இனி இது உன்ற புள்ளைன்னு சொல்லிப்போட்டாரு. தங்கச்சிக்குக் கொழந்த தங்கலியாம், தேம்பித் தேம்பி அழுதாளாம். ஊரே பாத்துச்சாம். பெத்தவ மட்டும் பாக்கல.

கேக்காம உடுவனா? கேட்டேன். வெத்தல மாத்தியாச்சு, பேச்சு முடிஞ்சுதுங்கறாரு. இந்த மலையில அதுக்கு மேல ஒண்ணும் கெடையாதாம். கவுண்டர்கிட்டயே போனேன். அவரும் அதையேதான் சொன்னாரு, கூட ஒரு டம்ளர் மோரும் குடுத்தாரு. மோரு குடிச்சா ஆறிப்போயிருமா?

அதனால அங்க எங்கூட்டுக்காரரு பேர மட்டும் போடுங்க தம்பி. நான் கொடுக்கறது நாளைக்குத்தான்.

அவரு இதப் படிச்சாரான்னா கேக்கறீங்க? எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டு, போதும்னாரு. ரேஷன் கடையில கைரேக வெக்கிற மாதிரி அவருக்கு.

எனக்கு அப்படி இல்லீங்க. நான் எதுலயும் கையெழுத்துப் போடாத வரைக்கும் பேச்சு முடியலன்னுதான் வெச்சிருந்தேன். ஸ்கூல்ல சேக்கறப்பக்கூட நானே போய் அப்பா முருகானந்தம்னு சொல்லி எழுத வெச்சுட்டு வந்தேன். இன்னிக்கும் ஸ்கூல்ல அவ மு. யமுனாதான். சோறு போட்டு வளக்கறது யாரா வேணா இருக்கட்டும், இனிஷியல் எங்களுது. மாசம் தவறாம போவேன். முறுக்கு சுட்டு எடுத்துட்டுப் போவேன், புதுத் துணி கொண்டுபோவேன். அத்தேன்னு கூப்புடுவா. நானும் திருத்தல. பெருசானா தானே தெரிஞ்சுக்கும்னு உட்டுட்டேன்.

நாத்தனா நெருக்கறாளான்னு தான கேக்கறீங்க? எல்லாருமே அதத்தான் கேக்கறாங்க. அவ இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டதில்லீங்க. நான் போனா காப்பியக் கொண்டாந்து வெச்சுட்டு, அடுப்படியிலயே நின்னுக்குவா. மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டா. திமிருன்னு நெனச்சேன். எங்கூட்டுக்காரர்கிட்டயே சொல்லிருக்கேன், உங்க தங்கச்சிக்கு நெம்பத் திமிருங்கன்னு.

தெரியுங்க, பதிவுக்கு மலைக்குக் கீழதான் எறங்கணும். நாளைக்கு மொத பஸ்ஸுக்கே போறோம். அந்த வளைவுல எனக்குக் கொமட்டும்.

பாப்பாவா? அந்தா, பேக்கரிகிட்ட நிக்கறா பாருங்க, பச்ச சுடிதாரு. நான் கூட்டிட்டு வரலீங்க. அவதான் என்னக் கூட்டிட்டு வந்திருக்கா.

போன ஞாயித்துக்கெழம தனியா பஸ்ஸேறி எங்கூட்டுக்கு வந்தா. அவளா வாசப்படி ஏறுனது அதான் மொதத் தடவ. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. கோழி அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன். அவ உக்காரவே இல்ல. அத்தே, நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் எங்கம்மா சாப்புடறதில்ல, அடுத்த வாட்டி என்னக் கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு பயப்படுதுங்கறா. கிளாஸ்ல உனக்கு எத்தன அப்பான்னு கேக்கறாங்களாம். எனக்கு செ. யமுனான்னு மாத்தணும், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுரும், போட்டுக் குடுத்துருங்க அத்தேன்னா. அழுவல. கெஞ்சல. என்னையாட்டமே வெடுக்குன்னு பேசறா.

கோழி வரதுக்குள்ள கெளம்பிட்டா.

எதுக்கு எந்திரிக்கறீங்க? தண்ணியெல்லாம் வேண்டாம். நீங்க பிரிண்ட் எடுங்க.

கண்ணாடிகிட்ட வந்து எட்டிப் பாக்கறா பாருங்க, அடிச்சாச்சான்னு. அடிச்சாச்சுன்னு நீங்களே சொல்லிருங்க தம்பி. நான் சொன்னா நம்ப மாட்டா.