குச்சிக்கு இடது பக்கம்

காலையில் எழுந்திருப்பது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. பறவைகளோடு வேலை செய்கிறவன் இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், சார். அலாரம் அடிக்கும்போதெல்லாம், இந்தச் சதுப்பு நிலத்தை யாராவது மண் கொட்டி மூடிவிட மாட்டார்களா என்று அலுத்துக்கொண்டேதான் பூட்ஸை மாட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒருநாள்கூடப் போகாமல் இருந்ததில்லை.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கை புருஷன், விசிலடித்துக்கொண்டே எழுகிற ரகம். வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவனைச் சரணாலயத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். குஞ்சின் காலில் வளையம் மாட்டுவது, இடுக்கியை எவ்வளவு அழுத்துவது எல்லாம் என்னைப் பார்த்துத்தான் பழகினான். கற்பூர புத்தி. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கூட்டை ஒட்டி அடையாளக் குச்சி நட்டால் காக்கை கண்டுபிடித்துவிடும். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. குச்சி சற்றுத் தள்ளி நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் கூடு எப்போதும் அதற்கு இடது பக்கம். கூட்டருகே சத்தம் போடக் கூடாது என்பது இன்னொன்று. நெடுங்கால் உள்ளான் மிரண்டு எழுந்துவிட்டால் வெயிலில் முட்டை வெந்துபோகும்.

போன மாதம் என் கையில் ஒரு குஞ்சின் கால் ஒடிந்தது. அது நோஞ்சான் குஞ்சு. என் கை நடுங்கியதாக மாப்பிள்ளை சரணாலய அதிகாரியிடம் சொல்லிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இத்தனை வருஷம் உழைச்சிட்டீங்க. அடுத்த சீசன்லேருந்து அவரு பாத்துக்குவாரு. நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். தங்கை இனிப்போடு வந்தாள். "இனிமேலாவது விடிஞ்சப்புறம் எந்திரிண்ணா" என்று கிண்டல் செய்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிறகு ஒருநாள் காலை, கூடுகளைப் பார்க்க அவன் முன்னால் போனான். நான் தொலைநோக்கியோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். குச்சியைக் கண்டதும் இடது பக்கம் இறங்கினான். அங்கே முன்பு எப்போதோ மண் அள்ளிய பள்ளம். தண்ணீர் ஏறினால் தெரியாது. மேலே பாசி, அடியில் உளைச்சேறு. இடுப்புவரை உள்ளே போய்விட்டான். அவன் அசையாமல் நின்றதும், மேலே சுற்றிக்கொண்டிருந்த உள்ளான்கள் ஒவ்வொன்றாக இறங்கி, சுற்றியிருந்த கூடுகளில் அமர்ந்தன. அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மச்சான், கால் மாட்டிக்கிச்சு. கயிறு எடுத்துட்டு மெல்ல வாங்க."

கயிறு என் பையில்தான் இருந்தது. நான் எழுந்தால் பறவைகளும் எழுந்துவிடும். பொறு என்று கையைக் காட்டினேன். தலையாட்டினான். என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

சேறு மார்புக்கு வந்தபோதுதான் வாய்விட்டுக் கத்தினான். கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. எனக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது. அவை திரும்பி வந்து அமரும்வரை நான் அசையவில்லை. அமர்ந்தபோது அங்கே பாசி மட்டும்தான் இருந்தது.

கால் தவறிவிட்டது என்று தங்கையிடம் சொன்னேன். "நீ பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிடுச்சேண்ணா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

முந்தின நாள் மாலை குச்சியைப் பிடுங்கிப் பள்ளத்தின் ஓரமாக நட்டது நான்தான், சார். அந்த இடத்தில் கூடு எதுவும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சரணாலய அதிகாரியிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: அன்று ஒரு முட்டைகூடக் கெடவில்லை. அவ்வளவு பொறுமை மாப்பிள்ளைக்குக் கிடையாது.