ஆடிக்கு முன் ஒரு கார்

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் இருக்கையில் என் வயதையொத்த கணவனும் மனைவியும். புதுக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஆடி மாசத்தை அந்த ஷோரூம்காரன் கையிலேயே எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கேள்," என்றார் அந்த அம்மாள்.

"நான் என்ன பண்ணினேன்?"

"விலை பேசறதுக்கு முன்னாடியே, ஆடி பொறக்கறதுக்குள்ள வண்டி வாசல்ல நிக்கணும்னேள். அப்புறம் எதுக்குக் குறைப்பான்? காபிதான் ரெண்டு தரம் குடுத்தான்."

"ஆடியில போய் யாராவது வண்டி எடுப்பாளா?"

"எடுக்க வேண்டாம். அது அவனுக்குத் தெரியணுமா? கொஞ்சம் எறங்கி வந்திருந்தான்னா, அந்தக் காசைப் போட்டு கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியாவே வாங்கியிருக்கலாம்."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. கணவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புதான். நாள் நன்னா அமையணுமேன்னு அதையே நெனச்சுண்டிருந்தேன்."

"நாள் நன்னாத்தான் இருக்கு," என்றபடி அம்மாள் இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "உங்களுக்கு ஓட்டத் தெரியாது. தினம் கிளட்ச்சை மிதிக்கப்போறது நான்."



என் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் நாள் பார்த்தவன் நான்தான். மனைவியிடம் எது வேண்டும் என்று கேட்டதாக நினைவில்லை.