ஐந்து மில்லிமீட்டர் மாலுமி

மாலை ஏழு மணி. குடோன்களுக்குப் பின்னால் போகிற நீளச் சாலை. நான்கு விளக்குக் கம்பங்களில் ஒன்றுதான் எரிகிறது. மழைக்கு முன்னால் வருகிற ஈரக்காற்று. அட்டைப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு மனிதர் தனியாக நடந்து போகிறார். பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வருகிறது.

ளொக்... ளொக்...

தண்ணீர் எதன்மீதோ மோதுகிற சத்தம். நின்றார். சத்தமும் நின்றது. பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது என்று அவருக்குத் தெரியும். பெட்டிக்குள் இருந்த கடலைச் செய்தவரே அவர்தான்.

யாரது சிரிப்பது? முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரி. எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என்னால் தொண்டையைக் கிழித்துக்கொள்ள முடியாது.

இவர் என் நண்பனுடைய சித்தப்பா. செயற்கைப் பல் செய்து பல் டாக்டர்களுக்குக் கொடுக்கிற வேலை. முப்பது வருஷமாக அரிசி அளவு சாமான்களைத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய கை. நடுங்கவே நடுங்காது. அவருக்கு ஒரு கிறுக்கு... மாடல் கப்பல். ஓர் அச்சகத்து மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். போர்க்கப்பலை முந்நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வார்கள். குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பீரங்கிக் குழாயின் ஓட்டையை ஊசியால் குடைவார்கள். நங்கூரச் சங்கிலி உரசின இடத்தில் எந்த நிறத்துத் துரு என்று இரண்டு வாரம் சண்டை போடுவார்கள். வீட்டில் திட்டு வாங்காத ஆள் அந்தக் கிளப்பில் ஒருத்தர் கிடையாது. அங்கே இவருக்குப் பெயர் பல்லுக்காரர்.

கிளப்பில் ஒரு விதி உண்டு. கப்பலின் தளத்தில் மனிதப் பொம்மைகளை நிறுத்தலாம், ஆனால் தெரிந்த ஆளை நிறுத்தக் கூடாது. யார் போட்ட விதியோ. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றி டீ போடப் போய்விடுவார்கள்.

பல்லுக்காரருக்கு ஒரே மகன். கடற்படையில் இருந்தான். அவன் வேலை பார்க்கிற கப்பலையேதான் இவர் செய்தார், பதினான்கு மாதம். பின்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான் மகன். அவன் நின்றால் இடது தோள் கொஞ்சம் சாய்ந்திருக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்து மில்லிமீட்டர் உயரப் பொம்மையில் அந்தத் தோள் சாய்வைக் கொண்டுவந்துவிட்டார் மனுஷன். தளத்தில் மொத்தம் நாற்பத்தாறு பேர். நாற்பத்தைந்து பேர் யாரோ. ஒருத்தன் இவர் பிள்ளை. விதியெல்லாம் அவருக்கு நினைவு இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை கிளப்பில் குறை சொல்லும் நாள். முடித்த கப்பலை மேசையில் வைக்க வேண்டும். சுற்றி நின்று ஆளுக்கு ஒரு குறை சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. 'ஸ்கேல்' என்று ஒருத்தர், சட்டைப் பையில் எப்போதும் இரும்பு ஸ்கேல் வைத்திருப்பார். குனிந்து கப்பலின் பக்கவாட்டை அளந்தார். மறுபடி அளந்தார்.

"பல்லுக்காரரே... கப்பல் தாழ்ந்து நிக்குதே."

"வாய்ப்பே இல்ல. நான் மூணு தடவை அளந்தேன்."

"நாலு மில்லி தாழ்ந்திருக்கு. நிஜக் கப்பல்னா உங்க நெஞ்சு உயரம். அவ்வளவு முங்கியிருந்தா உள்ள தண்ணி..."

அதோடு நிறுத்திக்கொண்டார் ஸ்கேல். மகன் அந்தக் கப்பலில்தான் இருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கப்பலின் உடலை நீர்மட்டத்தோடு அறுத்து, சுற்றிலும் ரெசின் ஊற்றித்தான் கடல் செய்வது. ஊற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. கல் மாதிரி இறுகிப்போன சாமான். அதில் கப்பல் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. நாம்தான் எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அப்போதுதான் அந்தச் சாலையில்... அந்தச் சத்தம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி கேட்டாள்.

"பையன் உங்க போனுக்காவது பேசினானா? ஒன்பது நாளாச்சு."

"நடுக்கடல்ல சிக்னல் ஏது? வந்துரும்."

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அளந்தார். ஐந்து.

ஞாயிற்றுக்கிழமை ஆறு. அவர் கண்ணை அவரே நம்பவில்லை. கப்பலின் பக்கவாட்டில், ரெசின் தொடுகிற இடத்தில் ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தார். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் கோட்டையே காணோம், ரெசினுக்கு அடியில் போயிருந்தது. ஒன்பது மில்லி. இன்னும் இரண்டு மில்லி இறங்கினால் பின்தளம் முங்கிவிடும். அறையில் டீசல் வாசனை. கூடவே உப்பும் துருவும் கலந்த ஒரு வாடை, நாக்கில் ஒட்டுகிற மாதிரி. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

அன்று சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள், கடலில் பெரிய புயல் என்று. கடற்படை அலுவலகத்துக்குப் போன் போட்டார். கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது சார் என்று மரியாதையாக வைத்துவிட்டார்கள்.

சின்ன ரம்பத்தை எடுத்தார். கப்பலை அறுத்து வெளியே எடுத்துவிடலாம் என்று யோசனை. ரம்பத்தின் பல்லை வைத்து அழுத்தினால் கப்பல் இரண்டாக உடையும், அதுவும் தெரியும். தளத்தில் நாற்பத்தாறு பேர் நிற்கிறார்கள். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். மேசையிலிருந்து இப்போது இன்னொரு சத்தமும் வந்தது... கிரீ...ச். இரும்பு முறுக்கிக்கொள்கிற சத்தம். அப்புறம் ளொக். ளொக்.

மகனை மட்டும் எடுத்துவிட்டால்?

மற்ற நாற்பத்தைந்து பேருக்கும் அப்பா அம்மா இருப்பார்கள்தானே... அது அவருக்கும் தோன்றியிருக்கிறது. பின்னால் என் நண்பனிடம் அவரே சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் கை ஒருத்தனிடம்தான் போனது.

மணி ஏழு நாற்பது. பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்தார். கத்தி முனையைப் பொம்மையின் பாதத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினார். க்ளூ விட்டது. ட்வீசரால் இடுப்பைப் பிடித்து மெல்லத் தூக்கினார். சாய்ந்த தோள் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. வந்துட்டியாப்பா என்று வாய்க்குள் சொன்னார். அவனை வைக்க ஒரு கண்ணாடிப் புட்டி பஞ்சோடு தயாராக இருந்தது. அதுவரைக்கும் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. விழுந்துவிடக் கூடாதே என்று பயந்து, ஒரு மயிரளவு... கூடுதலாக அழுத்திவிட்டார்.

டிங்.

ட்வீசரில் ஒன்றுமில்லை.

மாடல் செய்கிறவன் எல்லோருக்கும் இந்தச் சத்தம் தெரியும். ட்வீசர் முனையிலிருந்து தெறித்த சாமான் எங்கே போகும் என்று கடவுளுக்கும் தெரியாது. அப்படியே தரையில் மண்டியிட்டார். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தால் சின்னத் துகளுக்கும் நிழல் விழும். அப்படிப் பார்த்தார். வாக்குவம் க்ளீனர் வாயில் மெல்லிய காலுறையைக் கட்டி, மூலை மூலையாக உறிஞ்சி, காலுறையில் ஒட்டிய தூசியைத் தாளில் உதறி உதறிப் பார்த்தார். அலமாரியை நகர்த்தினார். தன் சட்டையின் மடிப்பு, தலைமுடி எல்லாம் தடவினார். கிடைக்கவில்லை.

சித்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு சின்ன சாமான். நீ போய்ப் படு."

விடிகிற நேரத்தில் நாற்காலியில் அப்படியே தூங்கிப்போனார். கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. யாரோ போர்வை போர்த்திவிட்டிருந்தார்கள். முதல் காரியமாக ஸ்கேலை எடுத்துக் கப்பலை அளந்தார்.

சுழியம். ஒரு மில்லிகூடத் தாழவில்லை. முங்கிப்போயிருந்த பென்சில் கோடு ரெசினுக்கு மேலே ஆறு மில்லி உயரத்தில் தெரிந்தது. கப்பல் ஜம்மென்று மிதக்கிறது. டீசல் வாசனையும் இல்லை. மனுஷன் வாய்விட்டு அழுதுவிட்டார். பிழைத்துக்கொண்டான், பொம்மை போனால் போகிறது, இன்னொன்று செய்துகொள்ளலாம் என்று முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார்.

இங்கேயே கதையை நிறுத்திவிடலாம். நிறுத்தட்டுமா? சரி.

வியாழக்கிழமை போன் வந்தது. புயலில் கப்பல் கிட்டத்தட்ட முங்கிவிட்டதாம். பின்தளம் வரைக்கும் தண்ணீர். எப்படியென்று தெரியவில்லை, திங்கட்கிழமை சாயங்காலம் திடீரென்று நிமிர்ந்துவிட்டதாம். பத்திரமாகத் துறைமுகம் வந்து சேர்ந்தது. எல்லோரும் நலம். ஒரே ஒருத்தரைத்தான் காணவில்லை. கடலில் விழுந்திருக்க வேண்டும். வருந்துகிறோம்.

எத்தனை மணிக்கு என்று பல்லுக்காரர் கேட்டார். ஏழு நாற்பது வாக்கில் என்றார்கள்.

பத்து நாள் கழித்து, மகனோடு வேலை பார்த்த பையன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். பெட்டி, துணிமணி எல்லாம் கொண்டு வந்து கொடுத்தான். சித்தி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. கடைசியில் சித்தி உள்ளே போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"அப்பா... ஆபீஸ்ல விழுந்துட்டான்னு எழுதியிருக்காங்க. நானும் கையெழுத்துப் போட்டேன். வேற என்ன எழுதச் சொல்றது? நான் அவன் பக்கத்துல ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். அவன் விழலைப்பா. விழுந்திருந்தா நான் குதிச்சிருப்பேன்."

"பின்ன?"

"மேல போனான்."

பையனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிவைத்து, மேசையிலிருந்து எதையோ கிள்ளி எடுக்கிற மாதிரி மெல்லத் தூக்கிக் காட்டினான். பல்லுக்காரர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் போன பிறகு சித்தி வந்து எதிரில் உட்கார்ந்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அன்னிக்கு ராத்திரி நீங்க என்ன தேடினீங்க?"

அவர் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. தளத்தில் மகனை நிறுத்தியது, கப்பல் இறங்கியது, நெம்பி எடுத்தது, தெறித்துப்போனது, எல்லாம். இப்போதும் அந்த அறைக்குள்தான் எங்கேயோ இருக்கிறான், அறையைச் சல்லடை போட்டுச் சலித்தாவது எடுத்துவிடலாம், கிடைத்தால் அதே இடத்தில் வைத்து ஒட்டிவிடலாம் என்று எழுந்தே விட்டார். டார்ச் எங்கே என்று கேட்டார்.

சித்தி எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தில் இரத்தமே இல்லை என்கிறான் என் நண்பன். அவன் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தான், வாசற்படியில். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாளாம்.

"மறுநாள் காலைல நீங்க நாற்காலியில தூங்கிட்டிருந்தீங்க. போர்த்திவிட்டுட்டு ரூமை நான் கூட்டினேன். முறத்துல ஒரு பிடி தூசிதான் இருந்துச்சு. என்னால தூக்க முடியலைங்க. தெருமுனை குப்பைத்தொட்டி வரைக்கும்... ரெண்டு கையாலயும் மாரோட அணைச்சுத்தான் கொண்டுபோய்ப் போட்டேன்."