நிவெரதி

— ...அப்ப ரொட்டியும் வேணாமா, சுலக்ஷனா?

— பசிக்கலம்மா. அண்ணன் எங்க?

— தலவாக்கலைக்கு போயிருக்கான். ஏஜென்சிகாரன்கிட்ட பாஸ்போட்ட திருப்பி வாங்கணுமாம். கோட்டுல தண்டனை வாங்குனவனுக்கு பொலிஸ் ரிப்போட் கெடைக்காதாம். இனி எங்க கட்டாரு வேலைக்கு போறது...

— சொல்லிட்டானா?

— அவன் அவ்வளவுதான் சொன்னான். சட்டம் படிக்கிறவ, அதே கோட்டுல பயிற்சியில இருக்கிறவ நீ சொல்லு. என்ன நடந்துச்சு?

— என்னத்த சொல்ல... திலக்ஷன்னு பேரு கூப்பிட்டாங்க. கூண்டுல ஏறுனான். நீதவான் கேட்டாரு. குத்தத்த ஒத்துக்கிட்டான்.

— எந்த குத்தத்த? வீடு ஒழுகுதுன்னு போய் நின்னவன்கிட்ட, தேயில ஸ்டோருக்கு பின்னால கெடக்குற ஓட்ட தகரத்த எடுத்துக்கடானு தோட்டத்து கணக்கப்புள்ளதானே சொன்னாரு.

— அத யாரும்மா அங்க கேக்குறாங்க...

— களவெடுத்தேன்னா சொன்னான்?

— சிங்களத்துல "வெரதி"ன்னான்.

— சரியாத்தானே சொல்லியிருக்கான். கேஸு தப்புன்னு. கந்தப்பளை பஸ்ஸுல தெரியாம ஏறிட்டா கண்டக்டரும் வெரதி பஸ்ஸுன்னுதானே சொல்றான்.

— கோட்டுல அது வேறம்மா. வெரதின்னா, நான் குத்தவாளின்னு அர்த்தம். செய்யலன்னா "நிவெரதி"ன்னு சொல்லணும்.

— ஒரு "நி"க்காகவா?

— ம்.

— அத அவனுக்கு சொல்லிக் குடுத்தியா?

— ...நேரம் கெடைக்கல.

— காலையில ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதானே போனீங்க.

— நான் கோட்டு வர்றதுக்கு முன்னுக்கே எறங்கிட்டேன்.

— ஏன்?

— சும்மா... நடந்து போகணும்போல இருந்துச்சு.

— ம்ம். தமிழ்ல சொல்றதுக்கு அங்க ஆள் இருப்பாங்கன்னியே.

— இருந்தாரு.

— இருந்தாரா...

— இருந்தாரும்மா. எல்லாம் முறையாத்தான் நடந்துச்சு. அண்ணன்தான் அவசரப்பட்டுட்டான்.

— நீ எங்க இருந்த?

— ரெஜிஸ்ட்ரார் மேசைக்கு பின்னால. பைல் எடுத்துக் குடுத்துக்கிட்டு. எனக்கு சரியா கேக்கல.

— வெரதின்னது மட்டும் கேட்டுச்சாக்கும்.

— பொலிஸ்காரன் மாதிரி கேக்காதீங்கம்மா. பயிற்சிக்கு போன புள்ள நடுவுல எழும்பி பேசக் கூடாது. சட்டம் அப்படி.

— சட்டமா... சரி. கூப்பிட்டா பேசலாமா?

— யாரு கூப்பிடுறது?

— சும்மாதான் கேக்குறேன்.

— ...கூப்பிட்டா பேசலாம். ஏன், கொழுந்து மலையில யாராவது ஏதாவது சொன்னாங்களா?

— நான் இன்னைக்கு மலைக்கு போகல.

— காலையில கூடைய தூக்கிட்டு கெளம்புனீங்களே.

— கூடைய பக்கத்து லயத்து ராக்காயி வீட்டுல வச்சுட்டு அடுத்த பஸ்ஸுல வந்தேன். கோட்டு சன்னலுக்கு வெளியதான் நின்னேன். மொழி மாத்தி சொல்றவரு லீவுன்னாங்க. தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களானு நீதவான் ஐயா கேட்டாரு. எனக்கு சிங்களம் அரைகொறதான்... எனக்கே அது வெளங்குச்சு. அவன் ஒன்னையே பாத்துக்கிட்டு நின்னான். நீ குனிஞ்சு பைலுக்கு நூலு கட்டுன.

— ...உள்ள வந்திருக்கலாமேம்மா.

— வந்திருப்பேன். தோட்டத்து லயத்து புள்ளன்னு நீ அங்க யாருகிட்டயும் சொல்லலன்னு எனக்கு முன்னமே தெரியும். ஒனக்கு கேவலமா போயிடக் கூடாதுன்னுதான் வெளியவே நின்னேன்.