நடுவில் தெரிவதை அடி

எங்கள் வீட்டில் காலையில் முட்டை பொரிப்பது நான்தான். என் மனைவி நோரீன் அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். முட்டை விஷயத்தில் மட்டும் என்னிடம் தோற்றுப்போனாள். அதனால்தான் டேனர் தன் தட்டில் மூன்றாம் தடவையாக உப்புப் போட்டதைப் பார்த்தவனும் நானே. அதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், மேடம். உங்கள் விசாரணை அறையில் நாற்காலி வசதியாக இருக்கிறது, காபியும் மோசமில்லை, எனக்கு அவசரமும் இல்லை.

ஐஸ் ஹாக்கி ஆடித்தான் பிழைத்தேன். பெரிய லீகில் இருந்தது ஒரு அரைக் குளிர்காலம். மற்றதெல்லாம் சின்ன ஊர்களும் முடியாத பஸ் பயணங்களும். என்னை யாரும் பக் என்கிற ரப்பர் வட்டைக் கோலுக்குள் அடிப்பதற்காக எடுக்கவில்லை, எதிராளியைச் சுவரோடு சாத்துவதற்காக எடுத்தார்கள். என் தலையும் அந்தச் சுவரில் நிறைய மோதியிருக்கிறது. அதனால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. காரை மட்டும் இப்போது நோரீன் ஓட்டுகிறாள்.

முழங்கால் போன பிறகு கனடாவின் இந்த சஸ்காச்செவன் மாகாண ஊருக்குக் கோச்சாக வந்தேன். ஆடுகிறவர்கள் பத்தொன்பது, இருபது வயதுக்காரர்கள். வெளியூர்ப் பையன்கள் சீசன் முடியும்வரை ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்குவது வழக்கம். டேனர் ஃப்ரீசன் எங்களோடு தங்கினான். மெனனைட் என்கிற கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பம், கோதுமைப் பண்ணை. பொய் சொன்னால் காது சிவந்துவிடும். எங்கள் நாய் மட்ஸி அவன் கட்டிலில்தான் தூங்கும். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

செப்டம்பர் பரிசோதனை பற்றிக் கேட்டீர்கள். சீசனுக்கு முன்னால் எல்லோரும் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். சொற்களை நினைவு வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், வடிவங்களை அடையாளம் காட்ட வேண்டும். பிறகு யாருக்காவது தலையில் அடிபட்டால் மறுபடி அதே பரிசோதனை. செப்டம்பர் மதிப்பெண்ணைத் தொட்டுவிட்டால் ஆடலாம். தொடவில்லையென்றால் உட்கார வேண்டியதுதான். அதனால் செப்டம்பரில் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. உடை மாற்றும் அறையில் மூத்த ஆட்டக்காரர்கள் எனக்குச் சொன்னார்கள், நான் என் பையன்களுக்குச் சொன்னேன்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மக்குப் பசங்களா இருங்கடா. உங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். டேனர் மட்டும் கையைத் தூக்கினான்.

"அது பொய்தானே, கோச்?"

"பொய் இல்லடா, சேமிப்பு. பின்னால எடுத்துக்கலாம்."

மார்ச் மாதம் கடைசிச் சுற்று. இரு அணியும் மும்மூன்று ஆட்டம் ஜெயித்து, ஒரே ஓர் ஆட்டம் மிச்சம். அதற்கு முந்தைய ஆட்டத்தில்தான் டேனரை மூலையில் வைத்து ஒருவன் நசுக்கினான். தலை மைதானத்தைச் சுற்றியுள்ள கண்ணாடித் தடுப்பில் பட்டுத் திரும்பியது. தானாகவே எழுந்து பெஞ்சுக்கு வந்துவிட்டான். மறுநாள் காலையில் கறுப்புக் கண்ணாடியோடு சாப்பிட உட்கார்ந்தான்.

"என்ன, சினிமா ஸ்டார் ஆயிட்டியா?" என்றாள் நோரீன்.

"வெளிச்சம் கொஞ்சம் கூசுது, அவ்ளோதான்."

பிறகு உப்பு. பிறகு நாயை ரஸ்டி என்று கூப்பிட்டான். ரஸ்டி அவர்கள் பண்ணையில் எப்போதோ செத்துப்போன நாய். எனக்குப் புரியாமல் இல்லை, மேடம். இந்த ஊரில் அது யாருக்காவது உடனே புரியுமென்றால் எனக்குத்தான். நான் அவன் தட்டை எடுத்துவிட்டு வேறு முட்டை வைத்தேன்.

எங்கள் அணியின் உடல்நலப் பொறுப்பாளர் ஜோனி பரிசோதனை எடுத்தாள். என்னைத் தனியாக அழைத்தாள்.

"செப்டம்பர்ல வாங்கினதவிட ரெண்டு மார்க் கூடவே வாங்கியிருக்கான், கோச். ஆனா எனக்கு என்னமோ சரியாப் படல. டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிரலாமா?"

"மிஷினே சரின்னு சொல்லுது. நீ மிஷினவிடப் பெரிய ஆளா?"

அவள் கையெழுத்துப் போட்டாள். இப்போது பழி முழுவதும் அவள் தலையில் விடிந்திருக்கிறது. வேலை போய்விட்டது. கடையில் பாட்டில் அடுக்குகிறாள் என்று நோரீன் சொன்னாள். நான் இங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆட்டத்தன்று மைதானத்துக்குப் போகும் நடையில் டேனர் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"கோச், பக் ரெண்டாத் தெரியுது."

"ரெண்டுக்கும் நடுவுல தெரியுறத அடிடா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு மேலே பார்வையாளர் வரிசையைப் பார்த்து, "நீளக் கோட்டு போட்டிருக்காரே, அவரா?" என்றான்.

"அவர்தான். பெரிய கிளப். உன்னப் பாக்கத்தான் வந்திருக்காரு."

"என்னைய அவருக்குப் பிடிக்குமா?"

"உன்மேல வச்ச கண்ண எடுக்க மாட்டாரு, பாரு."

இரண்டாம் பகுதியில் அது நடந்தது. பெரிய மோதல்கூட இல்லை, தோளோடு தோள் உரசல். ஷூ நாடாவைக் கட்டப் போகிறவனைப்போல் பனியில் மெதுவாக உட்கார்ந்தான் என்று பையன்கள் சொன்னார்கள். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. பெஞ்சில் கோச்சுக்கு ஆயிரம் வேலை. அடிபட்டவன் எழுந்து நின்றதும் எல்லோரும் மட்டையால் பனியைத் தட்டுவார்கள், அது மரியாதை. இரு அணியினரும் மட்டையைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். யாரும் தட்டவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு அவன் அம்மா லோயிஸ் ஒரு கூடை நிறைய பன் சுட்டு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "கடைசி வரைக்கும் அவன உங்க புள்ளையாப் பாத்துக்கிட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெண்ணெய் தடவிக் கொடுத்தார். வாங்கித் தின்றேன். அதைவிடக் கேவலமான காரியம் எதையும் நான் செய்ததில்லை என்று நினைத்தேன். ஆனால் செய்திருக்கிறேன்.

செப்டம்பரில் டேனர் நான் சொன்னபடி செய்யவில்லை. ஒழுங்காகவே செய்தான். மொத்த அணியிலும் அவன்தான் முதல் மதிப்பெண். ஜோனி பெருமையாக வந்து சொன்னாள். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, இது கணக்கில் சேராது, மறுபடி எடு என்றேன். அவளை வெளியே அனுப்பிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சொல்லை மறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். முடிந்தபோது அவன் காது சிவந்திருந்தது. "எனக்காகத்தானே சொல்றீங்க, கோச்?" என்றான். ஆமாம் என்றேன்.

இனி நீளக் கோட்டுக்காரர் மட்டும்தான் பாக்கி. அவர்கள் கிளப்புக்கு ஒரு துணைக் கோச் தேவைப்பட்டது. அவர் பார்க்க வந்தது என்னை. கடைசி ஆட்டத்தில் என் சிறந்த ஆட்டக்காரன் கறுப்புக் கண்ணாடியோடு மேலே உட்கார்ந்திருந்தால் நான் எதைக் காட்டுவது?

டேனர் விழுந்ததைச் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். அது மட்டும் உண்மை, மேடம். கூட்டம் அமைதியானபோதும் நான் பனியைப் பார்க்கவில்லை. அந்த மனிதர் என்னைப் பார்க்கிறாரா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.