காய் கீழே விழாத மரம்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, மரக் கணக்கெடுப்புப் பிரிவின் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் அவர்களே, அக்கா பெற்ற மகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் தாவர மாதிரிக் கூடத்தின் காப்பாளர், நாம் ஊசியக்கா என்று கூப்பிட்டு வந்த அம்மையார், இன்று நம்மிடையே இல்லை. முப்பத்தொரு வருடம், பசை நாறும் ஓர் அறையில் உட்கார்ந்து, காய்ந்த கிளைகளை ஊசிநூலால் தாளில் தைத்தவர். அவர் யார்? இந்தத் துறையின் கண் அவர்தான். மிகையாகப் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள், நான் அடித்த கூத்தைக் கேளுங்கள்.

தெற்குச் சரிவில் வெட்டவேண்டிய மரங்களைக் குறிக்க என்னை அனுப்பினார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைனை வெட்டலாம், இந்த மலைக்கே உரிய ஃபிர் மரத்தைத் தொடக்கூடாது. நான் என்ன செய்தேன்? மரத்தடியில் கிடந்த காய்களைப் பொறுக்கினேன். பைன் காய். நானூறு மரத்தையும் பைன் என்று எழுதினேன். ஒரு பை காயையும் ஒடித்த கிளை ஒன்றையும் அக்காவின் மேசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சார், இலை தட்டையா, ஒத்தை ஒத்தையா இருக்கு. அடியில ரெண்டு வெள்ளைக் கோடு ஓடுது. பைன்னா கொத்துக் கொத்தா இல்ல இருக்கணும்?"

"மரத்தடியில என் கையால பொறுக்கின காய்தான்க்கா."

"அதான் தப்பு. நம்ம மலை ஃபிரோட காய் முழுசா கீழ விழவே விழாது."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு போனார். மரத்தடிக்கு அல்ல. அதற்கும் மேலே, பழைய மாதிரித் தாளின் குறிப்பில் எழுதியிருந்த, மரங்களின் உச்சி கண்ணுக்கு நேராக வரும் வளைவுக்கு.

"கீழயே பார்த்துக் காலத்தை ஓட்டிட்டீங்க சார். இப்ப நேரா பாருங்க."

பார்த்தேன். உச்சி முழுக்கக் காய்கள், மெழுகுவர்த்தி நட்டுவைத்ததுபோல் நிமிர்ந்து நின்றன. காற்றடித்தபோது ஒன்று செதில் செதிலாக உதிர்ந்து, நடுக்குச்சி மட்டும் மிஞ்சியது. நான் பொறுக்கியதெல்லாம் மேட்டுப் பைன் தோட்டத்திலிருந்து உருண்டு வந்தவை! அவ்வளவு பெரிய காட்டை ஒரு பைக் காய்க்கு வெட்டக் கொடுத்திருப்பேன். அக்கா கண்கலங்கி நின்றார். அத்தனை வருடம் தாளில் தைத்த மரத்தை அவர் முதன்முதலாக உயிரோடு நிற்கக் கண்டது அன்றுதான்.

பாராட்டுக் கேட்டாரா? பதவி கேட்டாரா? உதிர்ந்து கிடந்த செதிலில் நாலை என்னிடம் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

போன வாரம் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வடக்குச் சரிவு லிஸ்ட் வந்திருக்காமே. மேல போய்ப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்துட்டேன்க்கா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

நான் பார்க்கவில்லை. புது ஒப்பந்தக்காரர்கள் மரத்தடியில் நின்றே எழுதிய வெட்டுப் பட்டியல் அது. முட்டி வலியைச் சாக்குச் சொல்லிக் கிடந்தேன். சாகப்போகிறவரிடம் பொய் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

இயக்குநர் அவர்களே, அந்தக் கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக் காலை நான் ஏறுகிறேன். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். முட்டி வலிக்கும், வலிக்கட்டும். பார்த்துவிட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். பார்த்தாக வேண்டும்.